மூன்றாவது சுற்று

வணக்கம் ஐயா,

நான் செந்தூலில் வசிக்கும் ஓர் ஆசிரியை. சிலாங்கூரின் பத்தாங் காலி பக்கம் தோட்டத்து நிலத்தில் நீங்கள் ஸ்க்ரம்பளர் (கரடுமுரடான பாதையில் ஓட்டும் மோட்டார் சைக்கிள்) ஓட்டிய காலத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

என் தம்பிக்கு வயது 27. இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்குப் பக்கத்தில் வேலை. அப்பா இறந்த பிறகு அவனைப் படிக்க வைத்தது நான்தான். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பழைய 250 சிசி ஸ்க்ரம்பளர் ஒன்றை வாங்கியிருக்கிறான். டிசம்பரில், மூன்று டிகிரி குளிரில், மழையில், காட்டுக்குள் இரண்டு மணி நேரப் பந்தயம் ஓடியிருக்கிறான். பரிசுப் பணம் கிடையாது. கலந்துகொள்ள இவன்தான் பணம் கட்ட வேண்டுமாம். உடம்பெல்லாம் சேறு பூசிய படத்தையும் முடிவுப் பட்டியலையும் வாட்ஸ்அப்பில் போட்டு, "அக்கா, முடிச்சிட்டேன்" என்கிறான். பார்த்தால் 74 பேரில் 71ஆம் இடம்.

அப்பா தோட்டத்துச் செம்மண் சகதியில் ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிள் ஓட்டியது பிழைப்புக்காக. இவனுக்கு என்ன தலையெழுத்து? "இதுக்கா இவ்வளவு செலவு?" என்று கேட்டுவிட்டேன். அதிலிருந்து மூன்று வாரமாகப் பேச்சில்லை. நான் கேட்டது தவறா? நீங்கள் சொன்னால் கேட்பான். நிறுத்தச் சொல்லி எழுதுவீர்களா? படமும் பட்டியலும் இணைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம்,
செந்தூல், கோலாலம்பூர்

* * *

அன்புச் சகோதரிக்கு,

நிறுத்தச் சொல்லி நான் எழுத மாட்டேன். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் பட்டியலைப் பார்ப்போம்.

நீங்கள் இடது ஓரத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். வலது பக்கம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஆன நேரம் இருக்கிறது. தம்பியின் பெயருக்கு நேரே 24 நிமிடம், 31, 52, 29 என்று நாலு சுற்று. முதலில் வந்தவர் எட்டுச் சுற்று ஓடியிருக்கிறார். அவர் எக்ஸ்பர்ட் பிரிவு, அவரை விட்டுவிடுவோம்.

இந்த வகைப் பந்தயத்துக்கு அங்கே ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ் என்று பெயர். குறித்த நேரத்துக்குள் எத்தனை சுற்று என்பதுதான் கணக்கு. இரண்டு மணி நேரம் முடிவதற்குள் கோட்டைத் தாண்டிவிட்டால் இன்னொரு சுற்றுக்குப் போகலாம். அதற்கப்புறம் வந்தால் கொடி காட்டி முடித்துவிடுவார்கள். இப்போது கூட்டிப் பாருங்கள். மூன்றாவது சுற்றை முடித்தபோது தம்பிக்கு 107 நிமிடம் ஆகியிருக்கிறது. இன்னும் 13 நிமிடம் பாக்கி. நேரே வேனுக்குப் போய் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். 52 நிமிடம் ஒரே சுற்றில் மாட்டிக்கொண்டு வந்தவரை யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். 74ஆம் பெயருக்குக் கீழே, முடிக்காதவர்கள் என்று இன்னும் 31 பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறது, கவனித்தீர்களா? அன்று புறப்பட்டவர்கள் 105 பேர்.

தம்பி திரும்பவும் காட்டுக்குள் போயிருக்கிறார். அந்தச் சுற்றை 29 நிமிடத்தில் முடித்திருக்கிறார். ஓய்ந்துபோன உடம்போடு, இரண்டாவது சுற்றைவிட வேகமாக. அந்த எண்ணைப் பார்த்ததும் நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்கம், கியர் மாற்றப் பிடிக்கிற கிளட்ச் லிவர் பாதியில் முறிந்திருக்கிறது. மிச்சம் இரண்டு விரல் வைக்கிற அளவுதான் இருக்கும்.

மூன்று டிகிரியில் அது என்ன பாடு என்பது நம் ஊரிலிருந்து பார்த்தால் சுலபமாகப் புரியாது. கோலாலம்பூரில் விடியற்காலையில்கூட 23, 24 டிகிரி. இங்கே பந்தயத்தில் ஆளை வீழ்த்துவது வெயில்தான். தண்ணீர் வற்றி, தலை சுற்றி, கண் இருட்டும். அங்கே முதலில் போவது விரல். கையுறை நனைந்து காற்றும் பட்டால் பத்து நிமிடத்தில் விரல் நுனி மரத்துவிடும். பிரேக்கை எவ்வளவு பிடிக்கிறோம், கிளட்ச் எங்கே கவ்வுகிறது என்பதையெல்லாம் விரல்தான் சொல்ல வேண்டும். அந்த உணர்வு போய்விட்டால் ஈரமான மரவேரில் முன்சக்கரம் வழுக்குவதைக்கூட விழுந்த பிறகுதான் அறிவோம். சேறு வேறு. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே, எஞ்சினுக்கு அடியில் என்று அப்பிக்கொண்டே வரும். நூறு கிலோவுக்கு மேல் இருக்கிற வண்டியில் இன்னும் பத்துப் பதினைந்து கிலோ சேர்ந்துவிடும். அதை மேட்டில் தள்ளி ஏற்றினால் வியர்க்கும், நின்றால் அந்த வியர்வையே குளிரும்.

எஞ்சினுக்கும் குளிர்காலம் வேறு கணக்கு. படத்தில் புகைக்குழாய் நடுவில் வயிறு பெருத்திருப்பதைப் பார்த்தால் அது டூ-ஸ்ட்ரோக், பழைய வண்டி என்பதால் பெட்ரோலைக் காற்றோடு கலப்பது கார்புரேட்டராகத்தான் இருக்கும். நம் ஊர் 32 டிகிரிக் காற்றைவிட அந்த மூன்று டிகிரிக் காற்று ஏறத்தாழ பத்து விழுக்காடு அடர்த்தி. காற்று கூடினால் அதற்கேற்ற பெட்ரோலும் போக வேண்டும், அதற்குக் கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துவாரமான மெயின் ஜெட்டைப் பெரிதாக மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் எஞ்சின் சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். தம்பியின் வண்டி 136 நிமிடம் ஓடி முடித்திருக்கிறது. யாரோ ஒழுங்காக ஜெட் மாற்றியிருக்கிறார்கள். அவரே மாற்றியிருந்தால் எனக்கு இரட்டைச் சந்தோஷம்.

ஏன் போயும் போயும் குளிர்காலத்தில் என்றும் நினைப்பீர்கள். இங்கிலாந்தில் தனியாகத் திட்டமிடல் அனுமதி வாங்காமல் ஒரு நிலத்தில் மோட்டார் பந்தயம் நடத்த ஆண்டுக்கு 14 நாள்தான் சட்டம் இடம் தருகிறது. அதனால் பந்தயம் நடத்தும் கிளப்புகள், நிலம் காலியாக இருக்கும் குளிர்காலத்தில், அறுவடை முடிந்த வயல், தோப்பு என்று கிடைக்கிற இடத்தில் கம்பு நட்டு, நாடா கட்டிப் பாதை போட்டு, முடிந்ததும் பிரித்து எடுத்துவிடுவார்கள். பிரான்சில் லே டூக்கே கடற்கரையில் 1975இல் தியரி சபீன் தொடங்கிய மணல் பந்தயமும் குளிர்காலத்தில்தான் நடக்கிறது. உல்லாசப் பயணிகள் வராத மாதத்தில் அந்த ஊருக்கு ஆள் வர வேண்டும் என்றுதான் அதை ஆரம்பித்தார்கள். பாரிஸ்-டாக்கார் பாலைவனப் பந்தயத்தைத் தொடங்கியவரும் இதே சபீன்தான். இன்றைக்கு ஆயிரம் மோட்டார் சைக்கிளுக்கு மேல் ஒன்றாகப் புறப்படும் லே டூக்கே பந்தயத்தில் உலகத் தரத்து வீரர்களோடு சாதாரண வேலைக்குப் போகிறவர்களும் நிற்பார்கள்.

தம்பி இருக்கும் யார்க்ஷயருக்கே இதில் பழைய உரிமை உண்டு. அங்கே ஷிப்லியில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை வைத்திருந்த ஆல்ஃப்ரட் ஸ்காட், தன் தொழிலாளர்களுக்காக 1914இல் ஒரு கரடுமுரடான பாதைப் போட்டியை நடத்தினார். அதைப் பார்த்துத் தென் இங்கிலாந்துக்காரர்கள் 1924இல் கேம்பர்லியில் நடத்தியதற்குத்தான் ஸ்க்ரம்பிள் என்று பெயர் வந்தது. நாம் இங்கே ஸ்க்ரம்பளர், ஸ்க்ரம்பளர் என்கிறோமே, அந்தப் பெயரின் வேர் அங்கேதான் இருக்கிறது. தொழிலாளர்கள் தங்களுக்குள் ஓட்டிப் பார்த்ததிலிருந்து வந்த விளையாட்டு இது. பரிசுப் பணம் இல்லாதது எனக்குக் குறையாகவே தெரியவில்லை.

உங்கள் அப்பாவைப் பற்றி எழுதிய வரியைப் பலமுறை படித்தேன். மழைநாளில் தோட்டத்துச் செம்மண் பாதையில் சி70 ஓட்டுவது லேசான வேலை அல்ல. முன் பிரேக்கைத் தொடக்கூடாது, பள்ளத்தைப் பார்க்காமல் போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும், ஆக்சிலரேட்டரைக் குறைக்காமல் ஒரே சீராகப் பிடிக்க வேண்டும். பிழைப்புக்காக என்றாலும் அது ஒரு கைத்திறன். சின்ன வயதில் தம்பியை முன்னால் நிற்க வைத்து அப்பா ஓட்டியிருப்பார் என்றே நினைக்கிறேன், தோட்டத்தில் எல்லா அப்பாக்களும் அப்படித்தான் ஓட்டினார்கள். அந்தப் பழக்கம் தம்பி கையில் இருப்பதை நீங்கள் தலையெழுத்து என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருந்தது.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் பத்தாங் காலிக்கு அப்பால் நடந்த ஒரு பந்தயத்தில் எனக்குக் காறை எலும்பு உடைந்தது. நடத்தியவர்கள் ஆம்புலன்ஸ் வைக்கவில்லை. செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் படுக்க வைத்து, ஒவ்வொரு பள்ளத்திலும் நான் கத்தக் கத்த, மருத்துவமனை போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இன்றைக்கும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. அதனால் சொல்கிறேன், தம்பியிடம் கேட்க வேண்டியவற்றைக் கண்டிப்பாகக் கேளுங்கள். அங்கே 1903இலேயே தொடங்கிய ஆட்டோ சைக்கிள் யூனியன் போன்ற அமைப்புகளின் அனுமதியோடு நடக்கும் பந்தயத்தில் மட்டும் ஓட்டுகிறாரா? மருத்துவ உதவியாளர் எங்கே நிற்கிறார் என்று புறப்படும் முன்பே பார்த்து வைக்கிறாரா? எடுத்திருக்கும் காப்புறுதி பந்தயத்துக்குச் செல்லுமா? சாதாரணப் பயணக் காப்புறுதிகள் பல இதை ஏற்பதில்லை. கழுத்துக் காப்பு, முழங்கால் காப்பு இருக்கிறதா?

முடிந்த பிறகுதான் குளிர் நிஜமாகப் பிடிக்கும். ஈர உடையைக் கழற்றிவிட்டு உலர்ந்த உடை மாற்றிய பிறகுதான் மற்ற எதுவும், வண்டி கழுவுவதுகூட. நடுக்கம் பரவாயில்லை. உடம்பு சூடேறாமலே நடுக்கம் நின்று, பேச்சுக் குழறினால் உடனே உதவி கேட்க வேண்டும். தனியாக வேன் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பவே கூடாது. டிசம்பரில் அங்கே நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும்.

ஆனால் இதையெல்லாம் முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். இன்று இரவு இங்கே ஒன்பது மணி என்றால் அங்கே மத்தியானம் ஒரு மணி, சாப்பாட்டு நேரம். கூப்பிட்டு, "மூணாவது சுத்துல என்னடா ஆச்சு?" என்று கேளுங்கள். அந்த 52 நிமிடத்தில் பாதி லிவரோடு எங்கே கிடந்தார், யார் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள், அப்புறம் எப்படி நாலாவது சுற்றுக்குப் போகத் தோன்றியது என்று அவரே சொல்லட்டும். முடிந்தால் எனக்கும் எழுதுங்கள். எனக்கும் தெரிய வேண்டும்.

அன்புடன்.