முன்பல் இடைவெளியும் அரபு ‘ஸீன்’ ஒலியும்

ரியாத்தில் உங்களிடம் வந்த 9 வயது அரபுச் சிறுவனுக்குப் பற்களைக் கடித்தாலும் மேல், கீழ் முன்பற்கள் தொடுவதில்லை, ‘ஸீன்’ (அரபியின் ‘ஸ’ எழுத்து) சொன்னால் நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கிறது என்கிறீர்கள். அலட்சியப்படுத்த வேண்டாம். அரபியில் நாக்கைப் பல்லிடையே வைத்து ஒலிப்பதற்கென்றே தனி எழுத்து உண்டு. ஸீனில் ‘ஸார’ என்றால் நடந்தான். அதையே அந்தப் பல்லிடை எழுத்தில் சொன்னால் கிளர்ந்தெழுந்தான். ரியாத் பேச்சில் இந்த வேறுபாடு உயிரோடு இருப்பதால் பொருளே மாறிவிடும். கெய்ரோ பேச்சுவழக்கில் அந்தப் பல்லிடை ஒலி ‘த’ அல்லது ‘ஸ’ ஆகிவிடுவதால் குழப்பம் குறைவு.

ஸீனைப் போலவே நாக்கின் முன்பகுதியில் பிறக்கும் ஸாய் (ஆங்கில ‘z’ போன்றது), ஸாத் (அழுத்தமான ‘ஸ’) ஒலிகளையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஐன், ஹா ஆகிய அரபு ஒலிகளோ தொண்டையில் பிறப்பவை. அவையும் பிசகினால் பல் காரணமல்ல, முதலில் செவித்திறனைச் சோதிக்க வேண்டும்.

பல்லுக்குக் கம்பி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் பெற்றோரிடம் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. இதே இடைவெளியோடு தெளிவாகப் பேசும் குழந்தைகளும் இருக்கிறார்கள், நாக்கு சமாளித்துக்கொள்கிறது. இவன் விழுங்கும்போது நாக்கு முன்பற்களைத் தள்ளுகிறதா, விரல் சூப்புகிறானா என்று பாருங்கள். அந்தப் பழக்கம் தொடர்ந்தால் சீராக்கிய பல்லும் மறுபடி விலகக்கூடும். பல் சீரமைப்பு மருத்துவரும் அரபு பேசும் பேச்சுப் பயிற்சியாளரும் சேர்ந்தே இவனைப் பார்க்கட்டும்.