சராசரி ‘நேன்’ என்று வந்தால் எங்கே தேடுவது?

கேள்வி: உணரியிலிருந்து வரும் வெப்பநிலை அளவீடுகளைப் பைத்தானில், நம்பை (எண் கணக்கீட்டுக்கான நிரல் தொகுப்பு) அணியாக, அதாவது எண்களின் வரிசையாக, வைத்திருக்கிறேன். மொத்தம் பத்துக் கோடி உறுப்புகள். சராசரி ‘நேன்’, அதாவது ‘எண் அல்ல’, என்று வருகிறது. ஆனால், ஒவ்வோர் உறுப்பையும் நேனுக்குச் சமமா என்று சோதித்தால் ஒன்றுகூட அகப்படவில்லை. என்ன செய்வது?

பதில்: மிதவைப்புள்ளி எண்களுக்காக (கணினி தசம எண்களை வைத்துக்கொள்ளும் வடிவம்) 1985இல் வெளியான ஐஇஇஇ 754 தரநிலையின்படி, நேன் எதற்கும் சமமாகாது, தனக்கே சமமாகாது. ஆகவே, நீங்கள் செய்த சோதனையில் அது ஒருபோதும் அகப்படாது. அதற்கென்றே ‘ஐஸ்நேன்’ என்ற செயற்கூறு இருக்கிறது. ஆனால் அது முடிவிலியைக் கண்டுகொள்ளாது என்பதால், சாதாரண எண்ணுக்கு மட்டும் ‘மெய்’ என்று சொல்லி, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ‘ஐஸ்ஃபைனைட்’ செயற்கூறையே பரிந்துரைப்பேன்.

உங்கள் அணி 64 பிட் எண்களால் ஆனதென்றால் அதுவே 800 மெகாபைட் இடத்தை எடுத்துக்கொள்ளும். இந்தச் செயற்கூறுகள் உறுப்புக்கு ஒரு பைட் வீதம் மேலும் 100 மெகாபைட் கேட்கும். அதைத் தவிர்க்க முதலில் கூட்டுத்தொகையை மட்டும் பாருங்கள். அது சாதாரண எண்ணாக வந்தால் அணியில் நேனும் இல்லை, முடிவிலியும் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். நேனாக வந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம்: நேர் முடிவிலியும் எதிர் முடிவிலியும் ஒரே அணியில் இருந்தாலும் கூட்டுத்தொகை நேன்தான். உங்கள் சராசரி இந்த முதற்கட்டச் சோதனையை ஏற்கெனவே செய்துவிட்டதால், இனி அணியைப் பத்து லட்சம் உறுப்புகள் கொண்ட துண்டுகளாக எடுத்து, ஐஸ்ஃபைனைட் ‘பொய்’ என்று சொல்லும் இடங்களைக் குறித்துக்கொண்டால் போதும்.

நேன்களை ஒதுக்கிவிட்டுச் சராசரி தரும் ‘நேன்மீன்’ வசதியானதுதான். ஆனால் எத்தனை அளவீடுகள் விடுபட்டன என்பதை அது சொல்லாது என்பதால், எண்ணிப் பார்க்காமல் அதைப் பயன்படுத்த மாட்டேன்.

சில கருவிகள் விடுபட்ட அளவீட்டுக்கு -9999 என்று எழுதிவைக்கும். அது முறையான எண் என்பதால் மேற்சொன்ன எல்லாச் சோதனைகளையும் தாண்டிவிடும். வரம்புச் சோதனையால்தான் பிடிக்க முடியும். அதை எழுதும் விதத்திலும் ஒரு பொறி உண்டு. ‘கீழ்வரம்பைவிடக் குறைவு அல்லது மேல்வரம்பைவிட அதிகம்’ என்று எழுதினால், நேன் இரண்டு ஒப்பீட்டிலும் ‘பொய்’ என்று பதில் தந்து தப்பிவிடும். ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்று எழுதி, அதை எதிர்மறையாக்குங்கள்; -9999, முடிவிலி, நேன் மூன்றும் ஒரே வலையில் விழும்.