மெய்நிகர் பியானோவின் சத்தம்: எந்தக் குமிழைத் திருகுவது?

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகள், மடிக்கணினியில் பியானோ மென்பொருள் போட்டு, 49 கட்டை உள்ள யூஎஸ்பி கீபோர்டை இணைத்துப் பழகுகிறாள். விண்டோஸ் ஒலியளவு 100-ல் இருந்தும் பியானோ மங்கலாகத்தான் கேட்கிறது. மென்பொருளில் கூட்டினால் கொரகொரப்பு. ஆன்லைன் வகுப்பு தொடங்கியதும் சத்தம் அமுங்கிவிடுகிறது. போன வெள்ளிக்கிழமை கோவில் பஜனையில் ஒலிபெருக்கியோடு இணைத்தோம். தகர டப்பாவைத் தட்டுவதுபோல் வந்தது. என்ன செய்யலாம்? – வாசகி, சுங்கை சிப்புட், பேராக்.

பதில்: நீங்கள் சொன்ன நான்கும் நான்கு வெவ்வேறு கோளாறுகள். ஒரே குமிழைத் திருகித் திருகிப் பார்ப்பதால்தான் ஒன்று சரியானால் இன்னொன்று கெடுகிறது. சத்தம் பிறக்கும் இடத்திலிருந்து தொடங்கி ஸ்பீக்கர் வரை வரிசையாக வாருங்கள்.

முதலில் மங்கல். கட்டையை அழுத்தும்போது கீபோர்டிலிருந்து கணினிக்குப் போவது சத்தம் அன்று, எண்கள். எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதே செய்தி. 1983-ல் வந்த மிடி முறை இது. வேகத்தை ‘வெலாசிட்டி’ என்பார்கள். 1 முதல் 127 வரை போகும். நல்ல பியானோ மென்பொருளில் மெல்லத் தட்டிய ஒலியும் ஓங்கித் தட்டிய ஒலியும் தனித்தனியாகப் பதிவு செய்யப்பட்டிருக்கும். 45 என்ற எண் வந்தால் மென்பொருள் மெல்லிய பதிவைத்தான் எடுக்கும். அதை எவ்வளவு பெருக்கினாலும் பெரிதாக்கிய முணுமுணுப்பாகவே இருக்கும், துலக்கம் வராது. சிறு பிள்ளையின் விரலுக்குக் கட்டை கனமாக இருந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

சோதிப்பது எளிது. சில மென்பொருள்கள் வெலாசிட்டி எண்ணைத் திரையிலேயே காட்டும். இல்லையென்றால் மிடி-ஆக்ஸ் என்ற இலவச மென்பொருள் காட்டும். மகளை வழக்கம்போல் வாசிக்கச் சொல்லுங்கள், பிறகு ஓங்கி. ஓங்கி வாசித்தும் எண் 80-ஐத் தாண்டவில்லை என்றால், கீபோர்டிலோ மென்பொருளிலோ ‘வெலாசிட்டி கர்வ்’ அல்லது ‘டச்’ என்று இருக்கும் அமைப்பை மாற்றுங்கள். பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். பெயரைப் பார்க்காதீர்கள், அதே அழுத்தத்துக்கு எண் கூடுகிறதா என்று பாருங்கள். ‘ஃபிக்ஸ்ட்’ என்பதை மட்டும் தொட வேண்டாம். எல்லாக் கட்டையும் ஒரே பலத்தில் ஒலிக்கும். பியானோவில் மெல்லியதும் வலியதும் பழகும் பிள்ளைக்கு அது கேடு. கணினியின் தட்டச்சுப் பலகையிலேயே பியானோ வாசிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு கிடைக்கவே கிடைக்காது, ஏனென்றால் அந்தப் பலகைக்கு விரலின் வேகம் தெரியாது. அவர்கள் மென்பொருளில் உள்ள வெலாசிட்டி எண்ணையே கூட்ட வேண்டும்.

இன்னொன்று, பலர் தவறவிடுவது. கீபோர்டில் சறுக்கி அல்லது குமிழ் இருக்கிறதா? அது மிடியின் 7-ஆம் கட்டுப்பாட்டை, அதாவது ஒலியளவை, அனுப்பக்கூடும். யாரோ அதைப் பாதியில் விட்டிருந்தால் திரையில் எல்லாம் முழுதாகத் தெரிந்தும் சத்தம் குறைவாகவே வரும். ஏதாவது ஒரு கட்டையை வாசித்தபடி அதை மேலே தள்ளிப் பாருங்கள்.

கொரகொரப்பு இரண்டு வகை. பல கட்டைகளைச் சேர்த்துப் பலமாக அழுத்தும்போது மட்டும் வந்தால், ஒலி உச்சியில் முட்டுகிறது. கணினி ஒலியில் 0 டெசிபல்தான் கூரை. அதற்கு மேல் போவது வெட்டப்படும். ஒரு சுரத்துக்குப் போதுமான அளவு, பெடலை மிதித்தபடி எட்டுப் பத்துச் சுரங்கள் சேரும்போது கூரையைத் தாண்டிவிடும். ஆகவே பெடலோடு பாட்டின் மிகப் பலமான இடத்தை வாசிக்கவைத்து, மென்பொருளின் அளவுமானி -6 டெசிபலைத் தாண்டாதபடி குமிழைக் குறையுங்கள். குறைந்த சத்தத்தை ஸ்பீக்கரில் ஈடுகட்டலாம்.

ஒலியளவைக் குறைத்த பிறகும் அதே கொரகொரப்பு என்றால் கணினி மூச்சு வாங்குகிறது என்று பொருள். ஆடியோ அமைப்பில் ‘பஃபர்’ எண்ணை, அதாவது கணினி ஒருமுறைக்கு எத்தனை ஒலி மாதிரிகளைச் சேர்த்து அனுப்புகிறது என்பதை, 128-லிருந்து 256-க்கோ 512-க்கோ உயர்த்துங்கள். வினாடிக்கு 44,100 மாதிரி என்ற வேகத்தில் 256 என்பது ஏறத்தாழ 6 மில்லி வினாடித் தாமதம், 512 என்பது 12. விரலுக்கு அவ்வளவாகத் தெரியாது. புளூடூத் ஹெட்போனின் தாமதம் இதைவிடப் பல மடங்கு. பியானோ பழக வயர் உள்ளதுதான் சரி. மடிக்கணினியின் சின்ன ஸ்பீக்கரில் இடக்கைச் சுரங்கள் சரியாக எழும்பாது என்பதாலும் ஹெட்போன் நல்லது. அதற்காகச் சத்தத்தை ஏற்றிவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 75 டெசிபல், வாரம் 40 மணி நேரம். இது காதில் விழும் சத்தத்தின் அளவு, மென்பொருளின் அளவுமானி காட்டும் டெசிபல் அன்று.

வகுப்பு தொடங்கியதும் அமுங்குவது விண்டோஸ் தானாகச் செய்யும் வேலை. அழைப்பு வந்தால் மற்ற ஒலிகளை 80 விழுக்காடு குறைக்கும்படி அது அமைக்கப்பட்டிருக்கும். கண்ட்ரோல் பேனலில் ‘சவுண்ட்’ திறந்து, ‘கம்யூனிகேஷன்ஸ்’ பக்கத்தில் ‘டு நத்திங்’ தேர்ந்தெடுங்கள். பியானோ மென்பொருளை ஒருமுறை மூடித் திறங்கள். ஆசிரியருக்குச் சுரம் விட்டு விட்டுக் கேட்டால் அது வேறு கோளாறு: ஜூம் பியானோவை இரைச்சல் என்று எண்ணி வடிகட்டுகிறது. அங்கே ‘ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்’ என்பதைப் போடுங்கள்.

விண்டோஸின் ‘வால்யூம் மிக்சர்’ பட்டியலில் பியானோ மென்பொருளுக்கெனத் தனிச் சறுக்கி இருக்கும், அதையும் பாருங்கள். மென்பொருளில் ‘ஏசியோ’ டிரைவர் தேர்ந்தெடுத்திருந்தால் ஒலி விண்டோஸைத் தொடாமலே வெளியேறும், மிக்சரில் என்ன செய்தாலும் பலிக்காது.

இனி கோவில். மடிக்கணினியின் ஹெட்போன் துளையில் இடம், வலம் என்று இரண்டு ஒலி வருகிறது. மூன்று தொடுமுனை கொண்ட ஸ்டீரியோ வயரை அப்படியே கோவில் ஒலிபெருக்கி மிக்சரின் ஒரு பேலன்ஸ்டு துளையில் (இரண்டு கம்பிகளின் வேறுபாட்டை மட்டும் எடுக்கும் துளை) செருகினால், மிக்சர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துவிடும். இரண்டிலும் பொதுவாக உள்ள ஒலி, அதாவது பியானோவின் உடல், அழிந்துபோகும். மிஞ்சுவதுதான் நீங்கள் கேட்ட தகரச் சத்தம். ஒரு முனை 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ, மறுமுனையில் இரண்டு 6.35 மில்லிமீட்டர் மோனோ பிளக் உள்ள வயர் வாங்கி, இரண்டு சானலில் செருகுங்கள். ஒரு சானல்தான் காலி என்றால் இடப்பக்கத்தை மட்டும் செருகுங்கள், போதும். செருகும்போது சானலின் ஒலியளவு அடியோடு இறங்கியிருக்கட்டும். மடிக்கணினியின் ஒலியளவை 80-ல் வைத்து, பிறகு மிக்சரை மெல்ல ஏற்றுங்கள்.

‘ம்ம்ம்’ என்று இரைந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் பஜனை முடியும்வரை பேட்டரியிலேயே ஓட்டலாம். மாலையே முழுதாகச் சார்ஜ் செய்துவிடுங்கள். பேட்டரிக்கு மாறியதும் விண்டோஸ் கணினியின் வேகத்தைக் குறைக்கக்கூடும், பழைய கொரகொரப்பு திரும்ப வரலாம். அதனால் சார்ஜரைப் பிடுங்கிய நிலையில் பவர் அமைப்பில் ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ வைத்துவிட்டு வீட்டிலிருந்து கிளம்புங்கள்.