ஐந்து சேனல் பார்க்க எதற்கு 350 ரூபாய்?

கேள்வி: கேபிளுக்கு மாதம் 350 ரூபாய் கட்டுகிறோம். வீட்டில் பார்ப்பது நாலைந்து சேனல்தான். அதை மட்டும் கொடுங்கள் என்றால், "தனித்தனியா எடுத்தா இன்னும் கூடும்" என்கிறார் கேபிள்காரர். உண்மையா? (வாசகி, ஈரோடு)

பதில்: அவர் சொல்வது பல வீடுகளுக்கு உண்மைதான். ஏன் அப்படி ஆகிறது என்று தெரிந்தால் உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம்.

உங்கள் பில்லில் இரண்டு பகுதி இருக்கும். முதலாவது இணைப்புக் கட்டணம். இலவச சேனல்கள் இதற்குள்ளேயே வந்துவிடும். 200 சேனல் வரை 130 ரூபாய்தான் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்திருந்த உச்சவரம்பு 2024 ஜூலையில் நீங்கியது. அதனால் இது கேபிள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இரண்டாவது, கட்டண சேனல்களின் விலை. இரண்டுக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

சிக்கல் இரண்டாவதில்தான். 19 ரூபாய் வரை விலையுள்ள சேனலை, சேனல் நடத்தும் நிறுவனங்கள் தொகுப்பில் சேர்க்கலாம். தொகுப்புக்கு 45 சதவீதம் வரை தள்ளுபடி தரலாம். 19 ரூபாய் சேனல்கள் ஐந்து என்று வையுங்கள். தனித்தனியாக 95 ரூபாய், தொகுப்பாக 52.25 வரை இறங்கலாம். உங்களுக்கு வேண்டியது இரண்டு என்றால் 38 ரூபாயோடு முடிந்தது. மூன்று என்றால் 57, அப்போதே தொகுப்பு மலிவு! கேட்காத இரண்டு சேனல்களும் சேர்ந்து வீட்டுக்குள் வந்துவிடும்.

எங்கள் சேனல் இத்தனை வீடுகளில் தெரிகிறது என்று சேனல் நிறுவனம் விளம்பரதாரரிடம் சொல்ல அந்த இரண்டும் உதவும். நிறையச் சேனல் வைத்திருப்பவரால்தான் இப்படிக் கட்டித் தர முடியும். ஒரே சேனல் நடத்தும் சிறு நிறுவனத்தால் முடியாது. 2024 நவம்பரில் ரிலையன்ஸும் டிஸ்னியும் தங்கள் இந்திய ஊடகத் தொழிலை இணைத்த பிறகு விஜய் டிவி, கலர்ஸ் தமிழ் இரண்டும் ஒரே நிறுவனத்திடம். ஐபிஎல்லை டிவியில் பார்த்தாலும் போனில் பார்த்தாலும் அதே இடம்தான். இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

கேபிள்காரரிடம் கோபப்படாதீர்கள். 2023 பிப்ரவரியில் புதிய விலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத கேபிள் நிறுவனங்களுக்கு ஸ்டார், ஜீ, சோனி மூன்றும் சிக்னலை நிறுத்தின. சில நாள் சீரியலும் கிரிக்கெட்டும் இல்லாமல் போன வீடுகளில் திட்டு வாங்கியது தெருக் கேபிள்காரர்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு வாரம் வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று எழுதி வையுங்கள். மாமியாரின் சீரியல், பிள்ளைகளின் கார்ட்டூன் எல்லாம் சேர்த்துத்தான். ஒவ்வொரு சேனலின் விலையும் செட்-டாப் பாக்ஸின் சேனல் பட்டியலிலேயே தெரிய வேண்டும். 999-ஆம் எண்ணிலும் விவரம் ஓடும். அப்புறம் நிறுவனம் வாரியாகப் பிரியுங்கள். ஒரே நிறுவனத்தின் சேனல் ஒன்றோ இரண்டோ என்றால் தனியாக, அதற்கு மேல் என்றால் சிறிய தொகுப்பாக எடுங்கள். எச்டி வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள், அதுவே நன்றாகக் குறைக்கும்.

தனியாகத் தர முடியாது என்று மட்டும் அவர் சொல்லக் கூடாது. 2019-இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அது உங்கள் உரிமை. மறுத்தால் கேபிள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் பதிந்து புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அவர்களிடம் தீராத புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரியிடம் போகலாம்.

அடுத்த மாதப் பணம் கட்டுவதற்கு முன்பே பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். கட்டிய பிறகு சொன்னால் பழைய பேக்கேஜே இன்னொரு மாதம் ஓடிவிடும்.