கல்லோடு ஒரு சீட்டு

அன்புள்ள ஐயா,

என் மகளுக்குப் பதினொரு வயது. கோடை விடுமுறையில் பெரம்பலூர் மாவட்டத்துக் காரை பக்கம் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் நடுவில் எங்கோ ஓர் ஓடையோரம் கிடந்த உருண்டைக் கல்லை அண்ணன் விளையாட்டாகச் சம்மட்டியால் போட்டார். உள்ளே சுருண்ட ஓடு ஒன்று! ஓடு இருந்த பாதியைக் கொண்டுவந்து கழுவி, வார்னிஷ் அடித்து ஷோகேஸில் வைத்திருக்கிறோம். குழி மட்டும் இருந்த மறுபாதியை அங்கேயே போட்டுவிட்டோம். அன்றிலிருந்து இவள் கண்ணில் படும் கல்லையெல்லாம் உடைக்கிறாள். மாடியில் ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது. தடுப்பதா, விடுவதா? சாலிக்கிராமம் மாதிரி இருக்கிறது, உடைத்தது பாவம் என்கிறார் மாமியார். இணையத்தில் நல்ல விலைக்குப் போகும் என்கிறார் கணவர். சுத்தியல் வாங்கித் தருவதென்றால் எது நல்லது?

செ., துறையூர்

அன்புள்ள செ.,

விலைப் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். விற்காதீர்கள். அதற்குமேல் பேச எனக்குப் பொறுமை இல்லை.

மாமியாரிடம் சண்டை வேண்டாம். உங்கள் கல்லில் இருப்பது அம்மோனைட்; சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்து, என்றோ அழிந்துபோன கடலுயிர். சாலிக்கிராமமும் அம்மோனைட்தான். இமயத்தின் கரிய களிப்பாறையிலிருந்து கண்டகி ஆறு உருட்டிக்கொண்டு வருவது. உங்கள் கல்லைவிட நான்கைந்து கோடி ஆண்டு மூத்தது. இரண்டும் ஒரே சாதி உயிர் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருக்கிறார். வீட்டில் கல்லைச் சரியாகப் பார்த்தது அவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

பெண் கல் உடைக்கிறாள் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் 'மறுபாதியை அங்கேயே போட்டுவிட்டோம்' என்ற வரியைப் படித்ததும் எரிச்சலில் எழுந்து போய்விட்டேன். ஆறிய பிறகு எழுதுகிறேன்.

அந்த உருண்டை சும்மா உருண்டு வந்த கூழாங்கல் இல்லை. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் காரை கடலடியாக இருந்தது. இறந்த உயிர் சேற்றில் புதைந்து அழுகும்போது அதைச் சுற்றியுள்ள நீரின் வேதியியல் மாறும். கரைந்திருந்த சுண்ணாம்பு அங்கே படிந்து சேற்றை இறுக்கும். பிறகு மேலே மண் ஏற ஏற சுற்றியுள்ள களி நசுங்கித் தட்டையாகிவிடும். உருண்டைக்குள் இருப்பது மட்டும் நசுங்காமல் தப்பும். அடித்தால் ஓட்டின் பரப்பு வழியாகவே பிளப்பதும் அதனால்தான், அங்கேதான் பிடிப்பு குறைவு. ஒரு பக்கம் உடல், மறுபக்கம் அச்சு. வெளித்தோலின் துணுக்குகள் பல சமயம் அச்சுப் பக்கம் ஒட்டிக்கொண்டு போய்விடும். எந்த இனம் என்று பிரிப்பதற்குத் தேவையான விலாக்கோடுகளும் முடிச்சுகளும் அதில் துல்லியமாக இருக்கும். உங்கள் அண்ணன் 'குழி' என்று போட்டுவிட்டு வந்தது அதைத்தான்.

போகட்டும், அதையாவது மன்னிக்கலாம். 'நடுவில் எங்கோ' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எப்படி மன்னிப்பது?

அந்தப் பகுதியில் படிவுகள் கிழக்கு நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. ஊட்டத்தூர் பக்கத்திலிருந்து அரியலூரை நோக்கி நடந்தால் மூத்த கடலிலிருந்து இளைய கடலுக்குப் போகிறீர்கள். மேற்கே சுமார் 11 கோடி ஆண்டு. கிழக்கே போகப் போக டைனோசர்கள் அழிந்த 6.6 கோடி ஆண்டு வரை வந்துவிடலாம். உலகத்தில் இப்படி நடந்தே கடக்கக்கூடிய இடங்கள் அதிகம் இல்லை. இங்கே ஓர் ஓடையைத் தவறாகச் சொன்னால் லட்சக்கணக்கான ஆண்டுகள் தவறிப்போகும். எந்த ஓடை, எந்தக் கரை, கல் மண்ணுக்குள் பதிந்திருந்ததா, மேலிருந்து உருண்டு வந்ததா என்று தெரிந்தால்தான் அந்த அம்மோனைட் ஏதாவது பேசும். தெரியாவிட்டால் அது ஷோகேஸ் பொம்மை. அதற்கு வார்னிஷ் வேறு!

1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் பொறுக்கிய கற்களை வைத்துத்தான் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் லண்டனில் முதல் விவரணையை எழுதினார். பிறகு புவியியலாளர் பிளான்ஃபோர்ட் இந்த நிலத்தை வரைபடமாக்கினார். அவரும் மற்றவர்களும் சேகரித்தவற்றைக் கல்கத்தாவில் வைத்து ஸ்டோலிஸ்கா இனம் இனமாக வர்ணித்தார். மொராவியாக்காரர், 1874இல் லடாக்கில் முப்பத்தாறு வயதில் இறந்துபோனவர். அந்தப் புத்தகங்களை இன்றும் ஆராய்ச்சியாளர்கள் புரட்டுகிறார்கள். காரணம், ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் ஓர் ஊர்ப்பெயர் இருக்கிறது. வெள்ளைக்காரர் உச்சரிப்பில் சிதைந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். ஊட்டத்தூரின் பெயரில் 'ஊட்டடூரிசெராஸ்' என்று ஓர் அம்மோனைட் பேரினமே உண்டு.

நம் ஆட்களுக்குக் கண் இல்லாமல் இல்லை. அரியலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் வாத்தியார் ஒருவரை எனக்குத் தெரியும். மாணவர்கள் ஆடு மேய்க்கும்போது எடுத்துவருவதையெல்லாம் வாங்கி வைப்பார். பெலம்னைட், சிப்பி, சுறாப்பல். பெலம்னைட் என்பது கணவாய் போன்ற ஒரு பிராணியின் உள்ளோடு; துப்பாக்கித் தோட்டா மாதிரியே இருக்கும். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரு பொட்டு வைத்து, காய்ந்ததும் அதன்மேல் கறுப்பு மையில் எண் எழுதுவார். எண்ணுக்குரிய விவரம் ஒரு நீள நோட்டில். யார் கொண்டுவந்தது, யாருடைய கொல்லை, கிணறு வெட்டிய மண்ணா, எத்தனை ஆள் ஆழம். சின்னப் பையன்களை உட்காரவைத்து வக்கீல் மாதிரிக் குறுக்கு விசாரணை செய்வார். "எந்தக் கிணறுடா? உங்க சித்தப்பன் கிணறா, மேலக்கொல்லையா? சரியா சொல்லு, இல்லாட்டி கல்லு வேணாம்." இல்லாட்டி கல்லு வேணாம் என்பதைக் கவனியுங்கள். அதைச் சொல்ல மனத்திடம் வேண்டும்.

அவர் ஓய்வு பெற்று, காலமும் ஆனபின், ஓர் ஆராய்ச்சி மாணவியை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அலமாரி இருந்தது. கற்கள் இருந்தன. எண்கள்கூட அழியாமல் இருந்தன. நோட்டு இல்லை. பழைய விடைத்தாள்களோடு எடைக்குப் போட்டுவிட்டார்களாம். அந்தப் பெண் ஒவ்வொரு கல்லாக எடுத்து எண்ணைப் படித்துவிட்டுத் திரும்ப வைத்தாள். வாசலுக்கு வந்ததும், "நல்ல கலெக்‌ஷன் சார்" என்றாள். மரியாதைக்குச் சொன்னாள்.

கல் தொலைந்து எழுத்து மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே மாவட்டத்தில் சான்று உண்டு. கல்லமேட்டில் கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளை யாதகிரியும் அய்யாசாமியும் என்ற புவியியலாளர்கள் 1980களின் இறுதியில் பிருகத்காயோசாரஸ் என்ற டைனோசராகப் பெயரிட்டு விவரித்தார்கள். கணைக்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். அந்த எலும்புகள் நொறுங்கிப் போய்விட்டன, இன்று இல்லை. ஆனாலும் இடத்தையும் அளவையும் படத்தையும் வைத்துக்கொண்டு உலகம் இன்னும் வாதாடுகிறது. முதலில் ஊனுண்ணி என்றார்கள், இப்போது நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்கிறார்கள். உங்கள் ஷோகேஸ் கல்லோ முழுசாக இருக்கிறது; அதைப் பற்றி ஒரு வாக்கியம் பேச வழியில்லை.

மாடி மூட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது துறையூர்க் கல் என்றால் குழந்தையை யாரும் ஏமாற்ற வேண்டாம். பச்சைமலையைச் சுற்றி இருப்பது பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய பாறை. ஆயுசு முழுக்க உடைத்தாலும் ஒரு சிப்பி கிடைக்காது. இதை அவளுக்குச் சொல்லாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாரணவாசி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள். சாத்தனூர் கல்மரத்தையும் காட்டுங்கள், அங்கே சுத்தியலை மட்டும் எடுக்க விடாதீர்கள். அது தேசியப் புவியியல் சின்னம்.

காரை உருண்டைகளிலும் எல்லாவற்றிலும் ஓடு இருக்காது. பல காலியாகவே இருக்கும். 2020இல் குன்னத்தில் குளத்து மண்ணில் இப்படி உருண்டைகள் கிடைத்தபோது டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. நிபுணர்கள் வந்து அம்மோனைட் படிவு என்றதும் கூட்டம் கலைந்துவிட்டது. அம்மோனைட் என்றால் அவ்வளவு மட்டமா?

சுத்தியல் கேட்டிருந்தீர்கள். முதலில் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வாங்குங்கள், பக்கமும் மூடியது. தச்சுச் சுத்தியல் வேண்டாம், கல்லில் அடித்தால் அதன் முகமே தெறிக்கும். கொத்தனார் சுத்தியலும் ஒரு தட்டை உளியும் போதும். பொறுமை இருந்தால் சுத்தியலே தேவைப்படாது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து மேசான் கிரீக்கில் உருண்டைகளை நீரில் ஊறவைத்து, உறையவைத்து, உருகவிட்டு, மறுபடி உறையவைத்துத் தானாகப் பிளக்க விடுகிறார்கள். உங்கள் ஃப்ரீசரில் ஓர் ஓரம் ஒதுக்கிக் கொடுங்கள்.

சுத்தியலோடு நாற்பது பக்க நோட்டு ஒன்றும். எடுக்கும் முன் இடத்தைப் படம் எடுக்க வேண்டும், கைபேசியில் இருப்பிடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். உடைத்ததும் இரண்டு பாதியையும் ஒரே காகிதத்தில் சுற்ற வேண்டும். உள்ளே ஒரு சீட்டு, நோட்டில் அதே வரி. எழுதி முடிக்காமல் அடுத்த கல்லைத் தொடக்கூடாது. இதற்கு அவள் முகம் சுளித்தால் சுத்தியலை வாங்கி வைத்துவிடுங்கள். தடுப்பதா விடுவதா என்று கேட்டீர்களே, என் பதில் இதுதான்.

அடுத்த கடிதத்தை அவளே எழுதட்டும், தேதி போட்டு. உங்கள் கடிதத்தில் அதுவும் இல்லை.