போனில் நெட் வருகிறது, கம்ப்யூட்டரில் வரவில்லையே!

மாட்டுங்கா வாசகி: வைஃபை இணைந்துவிட்டதாகக் காட்டுகிறது. ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. போனில் நன்றாக வருகிறது.

போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்த்தீர்களா? வைஃபையில் நெட் இல்லையென்றால் பல போன்கள் சத்தமில்லாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும். பழி கம்ப்யூட்டர் மேல் விழும். அணைத்த பிறகு போனிலும் வரவில்லை என்றால் ரூட்டரையோ வெளி லைனையோ பாருங்கள். வந்தால், கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்டை (கட்டளை அடிக்கும் கறுப்புத் திரை) திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ (ipconfig) என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ஐபிவி4 (IPv4) முகவரி, அதாவது நெட்டில் கம்ப்யூட்டரின் அடையாள எண், 169.254 என்று தொடங்கினால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று அர்த்தம். அந்த வைஃபைக்கு ‘ஃபர்கெட்’ கொடுத்து, பாஸ்வேர்ட் போட்டு மறுபடி இணையுங்கள்.

தாராவி வாசகர்: ரூட்டர் பக்கத்து அறையில்தான் இருக்கிறது. சிபியுவில் வைஃபை பிடிக்கும் யூஎஸ்பி டாங்கிள் போட்டிருக்கிறேன். சிக்னல் இரண்டு கோடு தாண்டவில்லை.

டாங்கிளைப் பின்பக்கம் செருகியிருப்பீர்கள். முன்னால் இரும்புப் பெட்டி, பின்னால் சுவர். அலை எப்படி வரும்? பக்கத்தில் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் இருந்தால் இன்னும் மோசம். அது கிளப்பும் இரைச்சல் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே விழுகிறது. ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை மேசை மேல் கொண்டு வந்து வையுங்கள். போன மாதம் செம்பூரில் ஒரு வீட்டில் இதை மட்டும்தான் செய்தேன். வீடியோ கிளாஸில் உறைந்து நின்ற பையனின் முகம் அப்போதே அசையத் தொடங்கியது.

அப்புறம், ஒட்டி ஒட்டி வீடுகள் உள்ள இடத்தில் எல்லோருடைய ரூட்டரும் 2.4இல் முட்டிக்கொள்ளும். ரூட்டர் செட்டிங்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். இந்த மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை. டாங்கிள் 5 கிகாஹெர்ட்ஸை ஏற்றால் அதுவே மேல், ஆனால் கனத்த சுவரைத் தாண்டத் திணறும்.

சயான் வாசகர்: எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘பாதுகாப்பற்றது’ என்கிறது.

திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். தேதி தவறென்றால், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். பல வருடம் பின்னால் போயிருந்தால், மதர்போர்டில் உள்ள பட்டன் செல் தீர்ந்திருக்கும். பெரும்பாலும் சிஆர் 2032 தான். மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்யுங்கள்.

இன்னொரு வாசகர்: ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னுகிறது.

கேபிள் வழியாக நெட்டைச் சுமந்து வரும் வெளிச்சம் உள்ளே வரவில்லை. கேபிள் கதவிடுக்கில் மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் லைன்காரரைக் கூப்பிடுங்கள். கேபிள் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே பார்க்காதீர்கள்.