எண்பது பேரின் தளபதி

அன்புள்ள ஐயா,

ஆஸ்திரியாவும் பிரஷ்யாவும் மோதிய 1866 போருக்கு லிக்டன்ஸ்டைன் என்ற குட்டி ஐரோப்பிய நாடு 80 வீரர்களை அனுப்பியது, 81 பேர் திரும்பி வந்தார்கள் என்று ஒரு துணுக்கு சுற்றுகிறது. அப்படியொரு படைக்கு அதிகாரியாக இருப்பதெல்லாம் ஒரு ராணுவ வாழ்க்கையா?
க., கரூர்

அன்புள்ள க.,

அந்த 81ஆவது ஆள் ஆஸ்திரிய அதிகாரி என்பார்கள் சிலர், இத்தாலிய நண்பர் என்பார்கள் சிலர். அவர் யாராக இருந்தாலும் சரி, எனக்கு முக்கியம் அந்த 80 பேரை நடத்திச் சென்றவர். பெயர் பேட்டர் ரைன்பெர்கர். லிக்டன்ஸ்டைன் தலைநகர் வாடூஸ் ஊர்க்காரர், 1831இல் பிறந்தவர். இசையமைப்பாளர் யோசெஃப் ரைன்பெர்கருக்கு அண்ணன்.

ஜெர்மானிய நாடுகளின் அன்றைய கூட்டணியான ஜெர்மன் கூட்டமைப்பில் இருந்த ஒவ்வொரு நாடும் தன் மக்கள்தொகைக்கு ஏற்றபடி படை தர வேண்டும். லிக்டன்ஸ்டைனில் அப்போது சுமார் 8,000 பேர்தான். ஜெர்மானியர்களை எதிர்த்துத் தன் வீரர்கள் போரிடக் கூடாது என்பதில் இளவரசர் இரண்டாம் யோஹான் உறுதியாக இருந்தார். அதனால் இத்தாலியப் பக்கம், ஆஸ்திரியாவின் டிரோல் பகுதி எல்லையைக் காக்க அனுப்பினார்கள். அவர்கள் நின்ற ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரம், நம் தொட்டபெட்டாவைவிட உயரம். கோடையிலும் குளிர் விடாது. சண்டை நடக்கவில்லை. செப்டம்பரில் எல்லோரும் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

சிரிக்க இதில் என்ன இருக்கிறது? எட்டாயிரம் பேர் உள்ள ஊரில் தளபதிக்குத் தன் வீரன் ஒவ்வொருவனின் தாயையும் தெரிந்திருக்கும். ஒருவன் வராமல் போயிருந்தால் அந்த அம்மா முகத்தில் தினமும் விழிக்க வேண்டியவர் இவர்தான். பெரிய நாட்டுத் தளபதிகளுக்கு இந்தப் பாரம் கிடையாது. எண்பது பேரையும் திருப்பிக் கொண்டுவந்ததை நான் வெற்றி என்றே சொல்வேன்.

கூட்டமைப்பு கலைந்தது. 1868 பிப்ரவரியில் படையையும் கலைத்துவிட்டார்கள். ரைன்பெர்கருக்கு வேலை போய்விடவில்லை, அவர் நில அளவையும் பொறியியலும் தெரிந்தவர். நாடாளுமன்றத்திலும் இருந்தார். அந்த நாட்டைப் பல தலைமுறையாக விடாமல் தாக்கியது ரைன் ஆறுதான். படை கலைந்த அதே ஆண்டு செப்டம்பரிலும் பெருவெள்ளம் கரையை உடைத்து ஊருக்குள் புகுந்தது.

ரைன்பெர்கர் 1893இல் காலமானார். அந்தப் படையின் கடைசி வீரர் ஆண்ட்ரியாஸ் கீபர், தொண்ணூறு வயதைக் கடந்து 1939 வரை இருந்தார். முதுமையில் பழைய சீருடையோடு அவர் நிற்கும் படம் கிடைத்தால் அவசியம் பாருங்கள்.